உடையார்பாளையத்தில் கை நனைத்தது

பெரம்பலூர் பைபாஸ் ஓரத்தில் எனக்கு ஒரு எடைமேடை இருக்கிறது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், ஜல்லி என்று எது லாரியில் ஏறினாலும் என் மேடையில் ஒரு தடவை நின்று சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகும். ஊரார் சரக்கையெல்லாம் நிறுத்துக் கொடுக்கும் நான், என் எடையை மட்டும் பல வருஷம் பார்க்காமலே இருந்தேன். வீட்டில் கிடந்த சின்ன மிஷினில் ஒருமுறை ஏறினேன். முள் ஒரு சுற்று சுற்றி, வெட்கப்பட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

கடைசியில் ஒரு மத்தியானம், லாரி எதுவும் வராத நேரமாகப் பார்த்து, என் மேடையின் நடுவில் நானே போய் நின்றேன். அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு காட்டுது?" என்று கத்தினேன்.

"இருங்க, பின்னாடி டிராக்டர் ஏதும் ஏறி நிக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அந்த வருஷமே திருச்சியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். சுகர், பிரஷர், முட்டி வலி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குக் குறட்டை என்று காரணங்கள் வரிசையில் நின்றன. வயிற்றில் ஒரு கோழிமுட்டை அடங்கும் அளவை மட்டும் பிரித்துத் தைத்து, அதிலிருந்து குடலுக்கு நேர்வழி வைத்துவிட்டார்கள். டாக்டர் படம் போட்டு விளக்கினார். பெரம்பலூர்க்காரனுக்குப் படம் எதற்கு? நாலு வழிச் சாலை வந்த பிறகு எங்கள் ஊருக்கு என்ன நடந்ததோ அதேதான் என் வயிற்றுக்கும் நடந்தது. ராத்திரி பஸ்கள் ஊருக்குள் வராமல் வெளியோடு போய்விடுகிற மாதிரி, சோறும் பழைய வயிற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறது.

ஆபரேஷன் ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. அதற்குப் பிறகு வருவதுதான் ஆயுசு பூராவும். வாயில் போட்டது மாவாகும் வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. முதலில் பருப்பு, முட்டை, மீன். பிறகு இடம் இருந்தால் சோறு. இடம் இருப்பதில்லை. அவசரப்பட்டு ஒரு வாய் கூடுதலாக உள்ளே தள்ளினால் நெஞ்சுக்கு நடுவில் ஒருவன் கைநீட்டி மறித்துக்கொண்டு நிற்பான். இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கோர்ட்டுக்குப் போன பங்காளிகள். ஒன்று காலையில் போனால் மற்றது சாயங்காலம்தான் உள்ளே வரும். சுற்றிலும் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி ஊர் ஊராக சிமெண்ட் அனுப்புகிற சீமையில் பிறந்துவிட்டு, சுண்ணாம்பை மாத்திரையாக வாங்கித் தின்கிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

முதல் வருஷம் தலைமுடி கொட்டியது. பாதி திரும்பி வந்தது, பாதிக்கு வேறு எங்கோ வேலை கிடைத்துவிட்டது. கைக்குக் கீழே தோல் தொங்குகிறது. டாட்டா காட்டினால் கை நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கும். முன்பு மார்கழியில் ஃபேன் கேட்டவன், இப்போது சித்திரையில் ஃபேனைக் குறைக்கச் சொல்லி மனைவியோடு சண்டை போடுகிறேன். எல்லாவற்றையும் விட மோசம் இனிப்பு. கூடுதலாக இனிப்பு உள்ளே போனால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கும், சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும், கண் இருட்டும், வயிறு புரட்டும். படுத்தே ஆக வேண்டும். உயிர் போகாது. ஆனால் பார்க்கிறவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

இதெல்லாம் வீட்டோடு இருந்த ரகசியம். ஊருக்கு ஆபரேஷன் தெரியாது. அது என் மனைவி போட்ட உத்தரவு.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. வயித்த அறுத்துக்கிட்டவரு வூட்டுப் பொண்ணுன்னா, பரம்பரையா என்ன வியாதியோன்னு பேசுவாங்க."

"அப்ப எப்படி எளைச்சேன்னு கேட்டா?"

"அதான் வாய் இருக்குல்ல. இத்தன நாளும் தின்னுச்சு, இனிமே பொய் சொல்லட்டும்."

முதலில் கேட்டவர் ஒரு லாரி டிரைவர். "என்னண்ணே, காலி வண்டியாயிட்டீங்க?" என்றார். அந்த நேரம் மேடையில் நின்ற லாரியில் கொள்ளு மூட்டை இருந்தது. "கொள்ளு ரசம் தம்பி" என்றேன். அவ்வளவுதான். மக்காச்சோள லாரி நின்றிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கே சலிப்பாக இருந்ததால், கொஞ்சம் கொஞ்சமாக மெருகு ஏற்றினேன். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். உப்பு ஆகாது. மண்சட்டி இருந்தால் நல்லது. கிழக்கே பார்த்து நின்று குடித்தால் இன்னும் விசேஷம். டிரைவர்கள் மூலமாக என் வைத்தியம் குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பரவியது. மளிகைக்கடைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்தால் மட்டும் எழுந்து நிற்க ஆரம்பித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளுக்கு உடையார்பாளையத்திலிருந்து சம்பந்தம் வந்தது. வந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவளும் அந்தப் பையனும் அரியலூரில் ஒரே ஆபீஸில் எதிரெதிர் மேஜை. இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டு, பிறகுதான் ஜாதகம் என்று ஒன்று இருப்பதை எங்களுக்கு ஞாபகப்படுத்தினார்கள். ஜாதகமும் பொருந்தியது. அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்து நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அதில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீருக்கு மேல் எதையும் தொட மாட்டார்கள். வீடு, வாசல், மனுஷர்கள் எல்லாம் பிடித்திருந்தால் இலை போடச் சொல்லிச் சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பேர். கை நனைத்துவிட்டால் சம்மதம், பிறகு பேச்சில்லை. நனைக்காமல் எழுந்து வந்தால் இன்னொரு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்ததாக அர்த்தம். இதில் பெண்ணின் அப்பா இலைதான் முக்கியம். மற்றவர்கள் சாப்பிட்டார்களா என்று யாரும் பார்ப்பதில்லை.

அதிலும் என் இலைக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்தது. அந்தக் காலத்தில் கல்யாணப் பந்தியில் நான் எழுந்தால்தான் பந்தி எழும். எல்லோரும் மோர் ஊற்றி முடித்துவிட்டு விரலைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் இரண்டாம் ரவுண்டு சாம்பாருக்குச் சோற்றில் குழி வெட்டிக்கொண்டிருப்பேன்.

கிளம்புகிற அன்று காலை மகள் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்பா, அந்த வூட்ல அவங்க பெரிய அத்தை வெச்சதுதான் சட்டம். அவரோட அப்பாவுக்கு அக்கா, பொண்ணு பாக்க வந்தப்ப முந்திரி காயப்போடற வேலைன்னு வரல. அவங்க மூஞ்சியப் பாத்து ஆள எடை போட மாட்டாங்களாம், எலையப் பாத்துதான் போடுவாங்களாம்."

"நம்ம தொழில்தான்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. "மிச்சம் வைக்காதீங்கப்பா. எனக்கு இந்த எடம்தான்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான், மனைவி, அவள் தம்பி, இன்னும் இரண்டு சொந்தக்காரர்கள் காரில் போனோம். காரிலேயே திட்டம் போட்டோம். மச்சான் என் இடது பக்கம் உட்கார வேண்டும். யாரும் பார்க்காதபோது நான் என் சோற்றை அவன் இலைக்குத் தள்ள வேண்டும். அவன் காலையில் ஒன்றுமே சாப்பிடாமல் வந்திருந்தான்.

"நீங்க தள்ளுங்க மாமா, நான் வாங்கிக்கறேன். எத்தன தடவ நீங்க என் எலையிலேர்ந்து எடுத்துருக்கீங்க" என்றான்.

நல்ல வீடு. பின்னால் முந்திரித் தோப்பு. முற்றம் நிறையக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. பையனின் அப்பா அதிகம் பேசாத மனுஷர்; எது கேட்டாலும் முதலில் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். அந்த அத்தை நெடுநெடுவென்று உயரம், கனத்த உடம்பு, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் எடைமேடைக்காரரா? நல்லாச் சாப்புடறவருன்னு சொன்னாங்களேன்னு ரெண்டு படி கூடவே ஒலையில போட்டேன். எளைச்சுட்டீங்கன்னும் கேள்விப்பட்டேன், ஆனா ஆளப் பாத்தா காத்துல அடிச்சுட்டுப் போற மாதிரி இருக்கீங்க."

பேச வேண்டியதைப் பேசினோம். எங்களுக்குப் பிடித்திருந்தது. மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எலை போடலாங்க" என்றேன். வீட்டுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது, பாத்திரங்களின் சத்தமாக.

திட்டம் அங்கேயே கவிழ்ந்தது. பெண்ணின் அப்பா என்று என்னைப் பந்தியின் தலைமாட்டில், பையனின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மச்சான் எதிர் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டான். அங்கிருந்து ஒரு தடவை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிறகு பச்சை முந்திரிக் குழம்பு வந்தது. அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

அத்தை என் இலைக்கு எதிரிலேயே நின்றுகொண்டார். சோறு விழுந்தது. குன்றுபோல் விழுந்தது. பருப்பைத் தொட்டு நாலு பருக்கை வாயில் வைத்து மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன்.

"என்ன, கல்லு கெடக்கா?" என்றார் அத்தை.

"இல்லிங்க, ருசியா இருக்கு. அதான் மெதுவா."

பருப்பில் கொஞ்சம், கூட்டில் கொஞ்சம், வடையில் ஓரம். வயிறு நிறைந்துவிட்டது. குன்று அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்தேன். சோற்றைப் பரப்பினேன். ஒதுக்கினேன். அத்தை உள்ளே போன நேரம் பார்த்து அப்பளத்தை எடுத்து அதன்மேல் மூடினேன். வெங்காயக் குடோனில் தார்ப்பாய் போர்த்திய மாதிரி இருந்தது. அத்தை பாயசத்தோடு திரும்பி வந்தார். வெல்லமும் முந்திரியும் மிதக்க ஒரு பெரிய டம்ளர்.

"பாயசத்த வேண்டாம்னுடாதீங்க. நல்ல காரியத்துக்கு இனிப்புதான் முடிவு."

பாயசத்தைப் பார்த்தேன். பையனின் அப்பா முகத்தைப் பார்த்தேன். எனக்கு இந்த எடம்தான் என்று காலையில் சொன்ன முகமும் ஞாபகம் வந்தது. வரப்போவது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். கார் கிளம்பும் வரை தாக்குப் பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டு, டம்ளரைக் காலி செய்தேன். இலையை என் பக்கமாக மடித்து எழுந்தேன். பந்தியும் எழுந்தது.

கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். வெற்றிலைத் தட்டு வந்தது. மச்சான் ஏப்பம் விட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து சாய்ந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று இருந்தபோது அத்தை பின்கட்டிலிருந்து வந்தார். கையில் ஒரு வாழை இலை. என் இலை. மடித்ததைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

கூடத்து நடுவில் அதை விரித்துக் காட்டினார். அப்பளத்தைத் தூக்கினார்.

"வச்ச சோறு வச்சபடி இருக்கு. அப்பளத்தப் போட்டு மூடியிருக்கீங்க. புடிக்கலன்னா எழுந்து போயிருக்கலாம்ல? எங்க வூட்ல ஒக்காந்து, சாப்புட்ட மாதிரி காட்டிட்டு, நாளைக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பப் போறீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லிங்க" என்று எழுந்தேன்.

எழுந்தது தப்பு. பாயசம் அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. நெஞ்சு மோட்டார் போல ஓட ஆரம்பித்தது. முதுகில் வியர்வை வாய்க்காலாக இறங்கியது. அத்தை இரண்டாகத் தெரிந்தார். ஒருவரையே சமாளிக்க முடியாத நிலைமையில் இது அநியாயம் என்று நினைத்துக்கொண்டே முந்திரி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டிலில் போய் விழுந்தேன்.

பிறகு நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு காதால்தான் பார்த்தேன்.

"நெஞ்சு வலி. நெஞ்சு வலிதான் இது. வண்டிய எடுங்க, ஜெயங்கொண்டம் போயிரலாம்." இது பையனின் அப்பா. அக்காவைப் பார்க்காமல் அவர் பேசிய முதல் வாக்கியமாக இருக்கும்.

"இருதய நோவா? அத மறைச்சுட்டா பொண்ணு பேச வந்தாங்க?" இது அத்தை.

"பாயசத்துல என்ன போட்டீங்க?" இது எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர். இவரைக் கூட்டிவந்திருக்கவே கூடாது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சம்பந்தம் என் கண்ணெதிரே, அதாவது மூடிய கண்ணெதிரே, முறிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் என் மனைவி குரல் வந்தது. உத்தரவு போட்டவளே அதை எடுத்தாள்.

"நெஞ்சு வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும். இவரு எடை கொறையறதுக்குத் திருச்சியில வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்காரு. ஒரு கைப்பிடிக்கு மேல எறங்காது. இனிப்பு ஆகவே ஆகாது. பொண்ணுக்காவத்தான் அந்தப் பாயசத்தக் குடிச்சாரு. பேரு கெட்டுடும்னு நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்."

முற்றத்தில் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் மட்டும் பேசின.

"ஆபரேஷனா?" என்றார் அத்தை மெதுவாக.

"ஆமாங்க."

"அப்ப கொள்ளு?"

எனக்குக் கண் தானாகத் திறந்துகொண்டது.

"எந்தக் கொள்ளுங்க?" என்றாள் மனைவி.

"பெரம்பலூர் எடைமேடைக்காரரு கொள்ளு ரசம் குடிச்சே பாதி ஆளாயிட்டாருன்னு ஏலாக்குறிச்சி வரைக்கும் பேச்சு. தை மாசத்துலேர்ந்து குடிக்கிறேன். உப்பில்லாம. மண்சட்டியில வச்சு. விடிஞ்சும் விடியாம கெழக்கப் பாத்து நின்னு. ஒரு சுத்து கொறையல. வயிறுதான் கடமுடங்குது. பக்கத்துல யாரும் ஒக்கார மாட்டேங்குறாங்க."

பையனின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் அதிகம் பேசாமல் இருந்ததற்கு, வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

"அந்த வைத்தியத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்று அத்தை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

படுத்த வாக்கிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். "கெழக்கப் பாக்கறது மட்டும் நெசம்னு வச்சுக்குங்க. அது ஒடம்புக்கு நல்லதுதான்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். என் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துண்டால் என் கழுத்தைத் துடைத்தாள். "கொள்ளுன்னு எவன் சொல்லச் சொன்னது ஒங்கள" என்று பல்லைக் கடித்தாள்.

கூடத்தில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. நான் கை நனைத்தேனா இல்லையா என்பதுதான் கேள்வி. பாயசம் கணக்கில் வரும் என்றது எங்கள் பக்கம். பாயசம் குடிக்கிற சமாச்சாரம், அதில் கை எங்கே நனைகிறது என்றது அவர்கள் பக்கம். பருப்பைத் தொட்டார் என்று மச்சான் சாட்சி சொன்னான். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை என்பது எனக்குத்தான் தெரியும். நல்ல பிள்ளை.

வியர்வை அடங்கி, நெஞ்சும் நிதானமாகி, நான் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அத்தை வெளியே வந்தார். கையில் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிற சின்ன வெள்ளிக் கிண்ணம். அதில் கெட்டிப் பருப்பும் கரண்டி முனையளவு குழைந்த சோறும்.

"இது எறங்குமா?"

"எறங்குங்க. மெதுவாத்தான் எறங்கும்."

"அப்ப எல்லாரும் வந்து ஒக்காருங்க" என்றார் கூடத்தைப் பார்த்து. "முன்ன நடந்தது கணக்குல சேராது. பந்தின்னா எல்லாரும் சேந்து ஒக்காரணும், சேந்துதான் எழுந்திருக்கணும். சம்மந்தி சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழக் கூடாது."

சம்மந்தி என்ற வார்த்தையை என் மனைவியும் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுபடியும் இலை போட்டார்கள். ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் வெறும் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பேருக்கு ஆளுக்கு ஒரு உருண்டைச் சோறு. மச்சான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நான் ஒரு பருக்கையும் பருப்புமாக எடுத்து வாயில் வைத்து மெல்ல ஆரம்பித்தேன். டாக்டர் சொன்ன மாதிரியே, அவசரமில்லாமல். மற்றவர்கள் உருண்டையை விழுங்கிவிட்டு விரலைக் காயவைத்துக்கொண்டு என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழையபடி நான் எழுந்தால்தான் பந்தி எழும்.

"பாதி ஆச்சா?" என்றார் பையனின் அப்பா, காலை மாற்றிப் போட்டுக்கொண்டு.

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். "அவரு மெல்லட்டும். நீ சும்மா இரு." பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆஸ்பத்திரி திருச்சியில எந்தப் பக்கம்?"

வாயில் சோறு இருந்ததால், இருங்க என்று இடது கையைக் காட்டினேன். அந்த நேரம் என் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி எடுத்தாள். மகள்.

"அம்மா, என்ன ஆச்சு? அப்பா சாப்புட்டாரா?"

மனைவி என்னையும், கிண்ணத்தையும், வரிசையாகக் காத்துக்கொண்டிருந்த பந்தியையும் பார்த்தாள்.

"ஒங்கப்பாவா? ரெண்டாவது பந்தியிலயும் ஒக்காந்து இன்னும் சாப்புட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."